முஹிண்டி பிரதரின் ககுமா குறிப்புகள்

வியாழன், நைரோபி (2025 அக்டோபர்)

கிட்டாலே பஸ் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று எழுதத் தொடங்குகிறேன். வந்த வேலை, அதாவது கென்யாவில் தங்குவதற்கான காகிதத்தைப் புதுப்பிக்கிற வேலை, காலையிலேயே முடிந்துவிட்டது. ஊரில் சிலர் "ஆப்பிரிக்காவில் என்னதான்டா பண்ற, ஒழுங்கா எழுது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ககுமா போய்ச் சேரும் வரைக்கும், அப்புறம் அங்கே சில நாளைக்கு, நெட்வொர்க் இருந்தால் தினமும் கொஞ்சம் போடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சலேசிய சபையில் நான் ஒரு பிரதர், இன்னும் குருப்பட்டம் வாங்கவில்லை. இராமநாதபுரம் மாவட்டம், ஓரியூர் பக்கம். சபையில் சேர்வதற்கு முன்னால் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். அதனால்தான் கென்யாவின் வடமேற்கு மூலையில், ககுமா அகதி முகாமில் எங்கள் சபை நடத்துகிற தொழிற்பயிற்சிக்கு அனுப்பினார்கள். போன வருடம் செப்டம்பரில் இத்தாலியில், டூரின் சகாய மாதா பசிலிக்காவில் கழுத்தில் சிலுவை போட்டு வழியனுப்பினார்கள். 1875 நவம்பர் 11-ல் எங்கள் சபையை ஆரம்பித்த டான் போஸ்கோ தன் முதல் மிஷனரிக் குழுவை அர்ஜென்டினாவுக்கு அனுப்பியதும் அதே கோயிலிலிருந்துதான், அடுத்த மாதம் வந்தால் 150 வருடம். அந்த வழியில்தான் 1906-ல் சலேசியர்கள் தஞ்சாவூருக்கு வந்தார்கள், இந்தியாவில் எங்கள் சபையின் தொடக்கமே அதுதான். 1980-லிருந்து இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஆள் போக ஆரம்பித்தது. அன்றைக்கு இத்தாலிக்காரர் தஞ்சாவூருக்கு வந்தார், இன்றைக்கு ராம்நாட்டுக்காரன் ககுமா இருக்கிற துர்கானாவுக்குப் போகிறான்.

எங்கள் ஊர்ப் பக்கம் மிஷனரி என்றால் ஒரே ஆள்தான், அருளானந்தர். லிஸ்பனில் பெரிய குடும்பத்தில் பிறந்து, மறவர் சீமைக்கு வந்து, 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டவர். நான் வெளிநாட்டு மிஷனுக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அங்கயும் வெட்டுவாங்களாப்பா?" இல்லம்மா, வெயிலும் கொசுவும்தான் என்றேன்.

அருளானந்தர் கதை கேட்டு வளர்ந்ததில் ஒரு சிக்கல் இருக்கிறது. மிஷன் என்றால் பெரிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துபோகிறது. ககுமாவில் பெரும்பாலான நாள் ஒன்றுமே நடப்பதில்லை. காலையில் ஜெனரேட்டர் ஓடுமா ஓடாதா, வெல்டிங் ராடு எத்தனை பாக்கெட் மிச்சம், இதுதான் பெரிய விஷயம். முதல் மாதங்களில் அதுவே எனக்குப் பெரிய அடியாக இருந்தது. யாராவது எதிர்த்தால்கூட தாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் நாம் அப்படியொன்றும் முக்கியமில்லை என்பதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வெள்ளி, கிட்டாலே

விடியற்காலையில் இறங்கும்போது நடுங்குகிற குளிர். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் தேவைப்படும் என்று ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கிட்டாலே மேட்டு நிலம், எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம், பச்சைப் பசேல் என்று. இங்கிருந்து வடக்கே இறங்கினால் பச்சை முடிந்துவிடும் என்பதால் ககுமா ஆட்கள் எல்லோரும் இங்கேதான் சாமான் வாங்குவார்கள்.

நான் போனது ஒரு குஜராத்தி மளிகைக் கடை. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷமாகக் குஜராத்தியில் ஆரம்பித்தார், நான் விழிக்கவும் இந்திக்கு மாறினார், எனக்கு அதுவும் வராது, கடைசியில் இரண்டு இந்தியர்களும் சுவாஹிலியில் பேரம் பேசி முடித்தோம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இங்கேதானாம். கென்யாவில் இந்திய முகம் என்றால் கடை முதலாளி என்றே அர்த்தம். 1896-ல் மொம்பாசாவிலிருந்து ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் இந்தியக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள், கடை வைக்க வந்தவர்கள் தனி. 2017-ல் ஆசியர்களை இந்த நாட்டின் 44-வது இனக்குழு என்று அரசாங்கமே அறிவித்துவிட்டது. ஆகவே தெருவில் பிள்ளைகள் "முஹிண்டி! முஹிண்டி!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். முஹிண்டி என்றால் இந்தியர். வெள்ளைக்காரச் சாமியார்களைப் பார்த்துப் பழகிய பாட்டிகளுக்கு நான் சபையைச் சேர்ந்தவன் என்று நம்பவே நாளாகும். "உன் கடை எங்கே இருக்கிறது?" என்று கோயில் வாசலிலேயே கேட்டிருக்கிறார்கள்.

துவரம்பருப்பு, கடுகு, வரமிளகாய், ஒரு கட்டு பெருங்காயம், அப்புறம் பட்டறைக்கு கட்டிங் பிளேடும் ராடும் வாங்கியாயிற்று. பருப்பு விலை கொள்ளை. ககுமாவில் சுலபமாகக் கிடைப்பது பட்டாணிப் பருப்பு. முகாமில் ரேஷனில் கொடுப்பதும் அதைத்தான், சந்தையிலும் கிடைக்கும். அதை ஊறப்போட்டு வெங்காயம் போட்டு வடை சுட்டால் ஊர் டீக்கடை வடைக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது (நம் டீக்கடைக்காரர்கள் பாதிப் பேர் அதைத்தான் போடுகிறார்கள் என்பது வேறு விஷயம்).

சனி, லொட்வார்

இன்றைக்கு முழுக்க ரோடு. கிட்டாலேயிலிருந்து லொட்வார் சுமார் 300 கிலோமீட்டர். கபெங்கூரியா வரை குளிர், அங்கிருந்து மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி மாரிச் கணவாயைத் தாண்டியதும் அடுப்புக் கதவைத் திறந்தமாதிரி வெயில் முகத்தில் அடிக்கும். அதுவரை ஸ்வெட்டரோடு இருந்தவர்கள் எல்லாம் வரிசையாகக் கழற்றுவார்கள், பார்க்கவே வேடிக்கை. கைனுக் பக்கத்தில் மட்டும் வண்டியில் பேச்சு குறைந்துவிடும். போகோட், துர்கானா என்ற இரண்டு இனத்துக்கும் நடுவே மாட்டுச் சண்டை பல தலைமுறையாக உண்டு, இப்போது கையில் துப்பாக்கி, ரோட்டில் வழிப்பறியும் நடக்கும். போலீஸ் சாவடிகளில் வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற நாளும் உண்டு, இன்று அப்படி ஒன்றும் இல்லை. லோகிச்சார் பக்கம் 2012-ல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், அப்போது வந்த விடுதிப் பலகைகள் சாயம் போய் இன்னும் நிற்கின்றன. ஒட்டகங்கள் அந்தப் பலகை நிழலில்தான் படுத்திருக்கும்.

லொட்வாருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பின்னால் கென்யாவின் முதல் அதிபரான ஜோமோ கென்யாட்டாவை வெள்ளைக்காரன் சிறைக்குப் பின் 1959-லிருந்து இரண்டு வருடம் காவலில் வைத்த ஊர் இது. தப்பித்து ஓடினாலும் எங்கேயும் போய்ச் சேர முடியாது என்ற நம்பிக்கை. கத்தோலிக்க மிஷனரிகளையும் வெகுகாலம் உள்ளே விடவில்லை, 1961 பஞ்சத்தின்போதுதான் அயர்லாந்துக் குருக்கள் வந்தார்கள். அவர்கள் பஞ்ச முகாம் நடத்தி, பள்ளிக்கூடம் கட்டி, கிணறு தோண்டி, கடைசியில் 1978-ல் இது மறைமாவட்டம் ஆனது. மறைமாவட்ட விடுதியில் ராத்திரி சாப்பாட்டு மேசையில் அந்தக் காலக் கதைகளைத்தான் பேசினார்கள். வீட்டுக் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகுமாம், அப்பா செத்துப்போன செய்தி அடக்கம் முடிந்து வெகுநாள் கழித்து வருமாம்.

அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா வீடியோ காலில் வந்துவிட்டார். இந்தியா இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே நடு ராத்திரி. "ஏப்பா, மெலிஞ்சிட்ட." அம்மா எப்போதும் அதைத்தான் சொல்வார், போன மாதம் நான் மூன்று கிலோ ஏறியிருந்தபோதும் சொன்னார். தினமும் பேச முடிவது வரமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கடிதம் வராத காலத்தில் ஒரு மனிதன் வந்த ஊரில் முழுசாக இருந்திருப்பான். நான் உடம்பை இங்கே வைத்துக்கொண்டு காதை வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன்.

அறைக்குள் படுக்க முடியாது. கொசுவலையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போகிறேன்.

ஞாயிறு, ககுமா

காலையில் இருட்டோடு கிளம்பி 120 கிலோமீட்டர், திருப்பலிக்கு நேரத்துக்கு வந்துவிட்டோம். நேரத்துக்கு என்றால், பத்து மணிப் பூசை பத்தரைக்கு ஆரம்பித்து ஒன்றேகாலுக்கு முடிந்தது.

இந்தப் பூசையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தெற்கு சூடான், காங்கோ, புருண்டி, எத்தியோப்பியா, ருவாண்டா, உகாண்டா என்று எல்லா நாட்டு ஆட்களும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே. வாசகம் சுவாஹிலியில், ஒரு பாட்டு டிங்காவில், அடுத்தது கிருண்டியில், காணிக்கைப் பாட்டு பிரெஞ்சில். சின்னப் பெண் குழந்தைகள் பீடத்துக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்று ஆடிக்கொண்டே இருப்பார்கள், முரசு அடிக்கிறவர் தோளில் வேர்வை ஒழுகும், பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை இடுவார்கள். குலவைச் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது எங்கள் ஊர் முளைப்பாரி ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. கோபம், சலிப்பு, ஊருக்குப் போகணும் என்கிற நினைப்பு எல்லாவற்றையும் சனிக்கிழமை வரை சேர்த்து வைத்து ஞாயிற்றுக்கிழமை இங்கே தொலைத்துவிட்டுப் போவது என் வழக்கம்.

ஆனால் கூட்டம் குறைந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. இந்த வருடம் அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தியதிலிருந்து எல்லாம் கவிழ்ந்துபோய்விட்டது. உலக உணவுத் திட்டம் கொடுக்கிற பங்கு வருடத்தின் நடுவில் முழு அளவில் 28 சதவீதத்துக்கு இறங்கியது. அப்புறம் ஆகஸ்டிலிருந்து குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள், கடைசி வகைக்கு உணவே கிடையாது, அவர்கள் தாங்களே சமாளித்துக்கொள்வார்கள் என்று கணக்கு. எப்படிச் சமாளிப்பார்கள்? முகாமை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும், வேலை செய்ய வேறு காகிதம் வேண்டும். 2021-ல் வந்த அகதிகள் சட்டம் வேலை செய்கிற உரிமையைக் கொடுக்கிறது, சட்டம் நல்ல சட்டம்தான், கையில் காகிதம் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பூசை முடிந்து ஒரு அம்மா, எங்கள் பழைய மாணவர் ஒருவரின் தாயார், என் கையைப் பிடித்துக்கொண்டு நைரோபி எப்படி இருந்தது, வழியில் சாப்பிட்டாயா என்று விசாரித்தார். அவர் வீடு எந்த வகையில் வருகிறது என்று எனக்குத் தெரியும். சாப்பிட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

திங்கள், பட்டறை

இந்த முகாம் 1992-ல் ஆரம்பித்தது. சூடான் போரில் குடும்பத்தைத் தொலைத்துவிட்டு எத்தியோப்பியா போய், அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் திரும்பவும் ஓடி, நடந்தே வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான பையன்களுக்காகத் திறந்தது. தற்காலிகம் என்று சொல்லித் திறந்தது. இப்போது பக்கத்துக் கலோபேயே குடியிருப்பையும் சேர்த்து கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஜனம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணம் பண்ணி, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

என் வகுப்பு வெல்டிங். தச்சு, கொத்து வேலை, தையல், மின்சாரம், பிளம்பிங் எல்லாம் வேறு வேறு கொட்டகை. முதல் வாரத்தில் எல்லோருக்கும் ராடு ஒட்டிக்கொள்ளும். இரும்பில் தட்டியதும் ஒட்டிக்கொண்டு சிவந்து நிற்கும், பையன் பயந்து ஹோல்டரையே விட்டுவிடுவான். தீக்குச்சி உரசுகிற மாதிரி இழு, அப்புறம் தூக்கிப் பிடி என்று ஊர் ஐ.டி.ஐ. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைத்தான் நானும் சுவாஹிலியில் சொல்கிறேன். உண்மையில் வகுப்பை நடத்துவது நான் இல்லை, புருண்டியைச் சேர்ந்த எங்கள் பயிற்சியாளர். இங்கே வந்துதான் தொழில் கற்றவர், என்னைவிட நூறு மடங்கு சுத்தமாக வெல்டிங் வைப்பார், நான் கிரைண்டர் பிடித்தால் மெதுவாக வந்து வாங்கிவிடுவார். அகதி என்பதால் அவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, ஊக்கத்தொகை. அதே வேலை செய்கிற கென்யக்காரர் வாங்குவதில் ஒரு பகுதிதான் அது. முகாம் முழுக்க இதுதான் நடைமுறை.

மதியம் டீ குடிக்கும்போது நான் நைரோபியில் காகிதத்துக்கு அலைந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அந்தக் காகிதம் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகும்?" என்றார். ஊருக்குத் திரும்பியிருப்பேன் என்றேன். "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டார். குத்திக் காட்டவில்லை, அந்த மாதிரி ஆள் இல்லை அவர், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குத்தான் அதற்கு மேல் டீ இறங்கவில்லை.

செவ்வாய்

காய்ச்சல். விரலில் குத்திப் பார்த்தார்கள், கோடு இரண்டு. மலேரியா. மாத்திரை மூன்று நாளில் இருபத்து நான்கு, வேளைக்கு நாலு, கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் மருந்து உடம்பில் சேருமாம், எனக்கோ தண்ணீரைப் பார்த்தாலே குமட்டுகிறது.

புதன்

எழுத முடியவில்லை. காற்று, புழுதி. அக்காவின் நிச்சயதார்த்தப் படங்கள் குடும்ப வாட்சப்பில் விழுந்துகொண்டே இருக்கின்றன. முன்வரிசையில் எல்லோரும் இருக்கிறார்கள்.

வியாழன்

இன்றைக்கு எழுந்து உட்கார முடிகிறது. நேற்று ராத்திரி நினைத்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், இதை எந்த மிஷன் பத்திரிகையிலும் போட மாட்டார்கள். எங்கள் மாதிரி வெளிநாட்டு மிஷனுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஆயுள் முழுக்க என்றுதான் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் மேலதிகாரிக்கு ஒரு கடிதம், "முடியவில்லை ஃபாதர், திரும்பி வருகிறேன்", அவ்வளவுதான், யாரும் கட்டி வைக்க மாட்டார்கள். லொட்வாரிலிருந்து விமானம், நைரோபி, சென்னை, அப்புறம் பஸ். ஞாயிற்றுக்கிழமை ரசம் சாதம் சாப்பிடலாம். படுக்கையில் இந்தக் கணக்கை எத்தனை தடவை போட்டேனோ தெரியாது, போடப் போட உடம்புக்கு ஆறுதலாக இருந்தது. மருந்தைவிட அதுதான் வேலை செய்தது என்றுகூடத் தோன்றுகிறது. கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அறைக்குள் இருப்பது சுலபம்.

சமையலறையிலிருந்து ஃபாதர் கஞ்சி அனுப்பினார். கஞ்சியை எடுத்து வந்த பையன் தெற்கு சூடான்காரன், கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் குடித்து முடிக்கும் வரை போகவில்லை. அம்மாவோடு போனில் பேசுவதைப் பார்த்துவிட்டு, "உங்கள் அம்மா உங்களைத் திட்டுகிறாரா?" என்று கேட்டான். ஆமாம், சாப்பிடவில்லை என்று திட்டுகிறார் என்றேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னான். கூப்பிட்டேன். அம்மா அவனையும் சேர்த்துத் தமிழில் திட்டினார்.

சனி, கலோபேயேக்கு மேற்கே

பிக்கப்பில் பின்னால் உட்கார்ந்து போகிற அளவுக்கு உடம்பு தேறிவிட்டது. உபதேசியார், ஃபாதர், நான், அப்புறம் ஒரு போர்வெல் மெக்கானிக். துர்கானா கிராமம் ஒன்றில் நாளைக்குப் பூசை, இன்றைக்குப் பம்பு ரிப்பேர். அகதிகளுக்கு மட்டும்தான் எல்லாம் நடக்கிறது, இந்த மண்ணின் மக்கள் நாங்கள் என்ன ஆனோம் என்று துர்கானாக்காரர்கள் கேட்பது நியாயம்தான். முகாமில் எங்கள் பயிற்சியில் அவர்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

வழி நெடுக சீமைக்கருவேலம்! பொய் சொல்லவில்லை, ராம்நாட்டில் இருக்கிற அதே மரம், அதே மஞ்சள் பூ, டயரைக் கிழிக்கிற அதே முள். பாலைவனத்தைப் பச்சையாக்குகிறோம் என்று சில பத்தாண்டுகளுக்கு முன் கொண்டுவந்து நட்டார்கள், ஆடு காயைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்து, இப்போது ஆற்றங்கரையெல்லாம் அதுதான். கென்யாவின் பாரிங்கோ பக்கத்து மக்கள் 2006-ல் இதற்காக வழக்கே போட்டார்கள், இனிப்புக் காயைத் தின்று தின்று பல் போன ஆடு ஒன்றைச் சாட்சியாக நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனார்களாம். நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 2017-ல் வெட்டச் சொன்ன அதே மரம். வெட்ட முடிந்ததா? இங்கேயும் முடியவில்லை. கரி மூட்டம் போட்டு விற்கிறார்கள், அதிலும் அச்சு அசல் எங்கள் ஊர். நான் வண்டியிலிருந்து குதித்து அந்த மரத்தோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டதை உபதேசியார் விசித்திரமாகப் பார்த்தார்.

கிராமத்துப் பெரியவர்கள் மர நிழலில் இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் எகிச்சோலோங், சின்ன மரக்கட்டை. உட்கார்ந்தால் அது மணை, படுத்தால் அதுவே தலைக்கு. வணக்கம் சொல்லி முடிந்ததும் மூத்தவர் என்னை விசாரணை செய்தார், உபதேசியார் மொழிபெயர்த்தார். கல்யாணம் ஆகிவிட்டதா? இல்லை. ஏன்? சாமிக்கு என்று நேர்ந்துகொண்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. உன் அப்பாவிடம் எத்தனை ஒட்டகம்? ஒட்டகமே கிடையாது. மாடு? ஒரு பசு. ஆடு? எட்டு இருக்கும். பெரியவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் ரொம்ப இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு ஏழையான வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள், பாவம், அதனால்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறான் என்றாராம். நான் படித்த இறையியல் புத்தகங்கள் எதிலும் கற்பு வார்த்தைப்பாட்டுக்கு இந்த விளக்கம் இல்லை.

பம்பை இழுத்துப் பார்த்தால் பைப் பாதிக்கு மேல் துருப்பிடித்து ஓட்டை. புதுசு மாற்றி இருட்டுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. பழைய பைப்புகளில் நல்ல நிலையில் இருந்த துண்டுகளைக் கேட்டு வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு, காட்டாற்றுக்கு இந்தப் பக்கம்

மரத்தடிப் பூசை நன்றாக நடந்தது, அதைப் பற்றி அப்புறம் ஒரு நாள். திரும்பும் வழியில் நேற்று மணலாகக் கிடந்த ஓடையில் இப்போது செம்மண் தண்ணீர் நெஞ்சளவுக்கு ஓடுகிறது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. எல்லாம் மேற்கே, உகாண்டா எல்லை மலையில் பெய்தது. வண்டியை இறக்கலாமா என்று ஃபாதர் யோசித்தார், டிரைவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டார். சரி என்று நாங்களும் படுத்தோம். அங்கே மாட்டிக்கொண்ட வேறு இரண்டு வண்டிக்காரர்கள், ஆடு ஓட்டி வந்த பிள்ளைகள், எல்லோரும் சேர்ந்து அடுப்பு மூட்டினோம். என்னிடம் இருந்த வரமிளகாயைப் போட்டு ஆட்டுக்கறி சமைத்தேன், ஒரு சிறுவன் தின்றுவிட்டு மூக்கில் நீர் வழிய இன்னும் கேட்டான். விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் வடிந்தது. மலேரியாவுக்கு அப்புறம் வெட்டவெளியில் படுத்ததற்கு ஃபாதரிடம் திட்டு வாங்கினேன், அவரும் பக்கத்தில்தான் படுத்திருந்தார்.

செவ்வாய், பட்டறை

நேற்று தூங்கியே போய்விட்டது.

இந்தத் தொடரில் கடைசியாக ஒரு மாணவரைப் பற்றி எழுதுகிறேன், பெயர் வேண்டாம். காங்கோக்காரர், என் வயதுதான். சின்னப் பிள்ளையாக வந்தவர். அமெரிக்காவில் குடியேற்றம் கேட்டு வருடக்கணக்கில் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்து, குடும்பத்துக்கே விமானத் தேதியும் வந்து, பானை சட்டியைக்கூட பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜனவரி 20-ல் அங்கே புது அதிபர் பதவியேற்ற அன்றைக்கே அகதிகளை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் ரத்து. இவர் ஒரு மாதம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு எங்கள் வெல்டிங் வகுப்பில் வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஆறுதலாக என்ன சொல்வது என்று நான் பல மாதம் வார்த்தை தேடியிருக்கிறேன். கடவுள் சித்தம் என்று சொல்ல வாய் வரவில்லை, எப்போது வேண்டுமானாலும் கிளம்பக்கூடியவன் அதைச் சொன்னால் கேட்கவே அசிங்கமாக இருக்கும். அதனால் வெல்டிங் மட்டும்தான் பேசுகிறோம். அவர் தட்டையான இரும்பில் எல்லாம் வைப்பார், மேல்நோக்கி வைப்பார், தலைக்கு மேலேயும் கற்றுக்கொண்டாயிற்று. இன்று காலையில் வண்டியில் கிடந்த போர்வெல் பைப்பைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். "இதில் 6ஜி செய்யலாமா?"

பைப்பை 45 டிகிரி சாய்த்துக் கட்டி வைத்து, அதை அசைக்காமல் நாம் சுற்றி வந்து வெல்டிங் வைக்க வேண்டும், அதுதான் 6ஜி. உலகத்தில் எங்கே போனாலும் பைப் வெல்டருக்கு அதில்தான் தேர்வு. நான் ஐ.டி.ஐ.யில் செய்தேன், நன்றாக வராது. புருண்டி வாத்தியார் செய்து பார்த்ததே இல்லை, இதுவரை பைப்புக்கு எங்களிடம் வழியில்லை. மூன்று பேரும் உட்கார்ந்து பைப்பைப் பார்த்தோம். கால்வனைஸ் பூச்சு இருக்கிறது, அதை முதலில் கிரைண்டர் வைத்து வெள்ளையாகச் சுரண்டி எடுக்க வேண்டும், பூச்சோடு வெல்டிங் வைத்தால் அந்தத் துத்தநாகப் புகையிலேயே ராத்திரி காய்ச்சல் வரும், எனக்கு இந்த மாதத்துக்கு ஒரு காய்ச்சல் போதும். துரு தின்ற பக்கத்தை வெட்டித் தள்ளினால் ஏழெட்டு நல்ல வளையம் தேறும். சாய்த்துக் கட்ட ஒரு ஸ்டாண்டு வேண்டும், அதற்கு ஆங்கிள் இரும்பு இருக்கிறது. மெல்லிய ராடு ஒரு பாக்கெட்தான் மிச்சம், லொட்வாரில் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வண்டியில் வரும்.

மதியத்துக்குள் காங்கோக்காரர் ஸ்டாண்டுக்கு ஆங்கிளை வெட்டி முடித்துவிட்டார். சாயங்காலம் கரண்ட் போய்விட்டதால் வெல்டிங் நாளைக்கு. முதல் வளையத்தை வாத்தியார் வைக்கட்டும் என்று நான் சொன்னேன், நீங்கள் வையுங்கள் பிரதர் என்று வாத்தியார் சொல்கிறார், காங்கோக்காரரோ இரண்டு பேரும் வேண்டாம் நான்தான் வைப்பேன் என்கிறார்.